நம்பர் கேட்டு வந்தவர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சுகர், கிரியாட்டினின், தைராய்டு என்றுதான் எங்கள் நாள் போகும். 2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் தணிந்ததும், காலை ஏழு மணிக்கே வேறொரு கேள்வியோடு ஆட்கள் வந்தார்கள். "ஊசி போட்டுக்கினேன் தம்பி. உள்ள வேலை செய்யுதா இல்லியான்னு பாத்துச் சொல்லு."

பெரும்பாலும் கோவிஷீல்டு தடுப்பூசி ஒரு டோஸ் போட்டவர்கள். அடுத்த டோஸுக்கான இடைவெளியை அந்த மே மாதம்தான் 12 முதல் 16 வாரம் என்று நீட்டியிருந்தார்கள். அதுவரை தாங்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் புரதம். எங்கள் மெஷினில் அதன் அளவு 0.8க்குக் கீழே என்றால் நெகட்டிவ். 250ஐத் தாண்டினால் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, நீர்க்கச் செய்து திரும்ப ஓட்டவேண்டும்; இல்லையென்றால் '250க்கு மேல்' என்று மட்டும் வரும். ஜனங்கள் அதைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கு 250க்கு மேல், கணவருக்கு 90 சொச்சம். அவர் முகம் வாடிப்போனது. வேறு லேபில் எடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கவலைப்பட்டவர்களும் உண்டு. அந்த மெஷினின் அலகே வேறு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

செப்டம்பரில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கொருக்குப்பேட்டையில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டவர். ரிப்போர்ட் நெகட்டிவ். "ரெண்டு ஊசியும் வேஸ்ட்டா தம்பி?" என்று அங்கேயே அழுதுவிட்டார். அவர் போன பிறகுதான் பார்த்தேன், பில் போடும்போது டெஸ்ட்டையே மாற்றிப் போட்டிருக்கிறோம். கோவிஷீல்டு வைரஸின் மேலே உள்ள ஸ்பைக் புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டும். நாங்கள் பார்த்ததோ உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடி. கொரோனா வந்து போனவர்களுக்கோ, முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சின் போட்டவர்களுக்கோதான் அது டெஸ்ட்டில் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அதே சீரத்தில் ஸ்பைக் டெஸ்ட் ஓட்டினேன். நல்ல பாசிட்டிவ். மறுநாள் காலை வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவர் தூங்கியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பேத்தாலஜி டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து முறையாகக் கேட்டுக்கொண்டேன். ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்ற வகை ஆன்டிபாடி, புதிதாகச் சுரக்காவிட்டால், சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஊசி போட்டதும் அதைச் சுரக்கும் அணுக்கள் ஏராளமாகப் பெருகும், பிறகு பெரும்பாலும் மடிந்துவிடும். அதனால் மாதங்கள் போகப் போக நம்பர் இறங்கத்தான் செய்யும். சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். நிணநீர் முடிச்சுகளில், கிருமி திரும்ப வந்தால் மறுபடி ஆன்டிபாடி சுரக்கத் தயாராக நினைவு பி செல்கள் இருக்கும். வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கும் டி செல்கள் தனி. 2003இல் கொரோனாவின் உறவு வைரஸான சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அசந்துபோனேன். இவை எதையும் எங்கள் மெஷின் காட்டாது.

2022 ஜனவரியில், உருமாறிய கொரோனாவான ஒமைக்ரானின் அலை வந்தது. இரண்டு டோஸ் போட்ட எனக்கே மூன்று நாள் காய்ச்சல். தட்டம்மை ஊசியைச் சின்ன வயசோடு முடித்துவிடுகிறோமே, இது மட்டும் ஏன் இப்படி என்று அம்மா கேட்டாள். தட்டம்மை உடம்பில் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட ஏறக்குறைய பத்து நாள் எடுக்கிறது. நினைவணுக்கள் எழுந்து படை திரட்ட அவகாசம் இருக்கிறது. ஒமைக்ரான் மூக்கிலும் தொண்டையிலும் இரண்டு மூன்று நாளில் வேலையைக் காட்டிவிடுகிறது. கையில் போட்ட ஊசி மூக்கின் உட்படலத்தில் அவ்வளவாக ஆன்டிபாடி தருவதில்லை. ஸ்பைக்கும் மாறிவிட்டதால் பழைய ஆன்டிபாடி சரியாக ஒட்டவில்லை. ஆனால் டி செல்கள் வைரஸின் பல துண்டுகளை அடையாளம் வைத்திருக்கின்றன, பெரும்பாலான துண்டுகள் மாறவில்லை. தொற்று வந்தாலும் ஊசி போட்டவர்களில் மிகப் பலருக்கு நுரையீரல் வரை போகாமல் நின்றதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

'நம்பரை மட்டும் பார்க்காதீங்க' என்று எல்லோரிடமும் சொல்லப் பழகியிருந்தேன். திருவொற்றியூர்ப் பெரியவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், வயது அறுபதுக்கு மேல். இரண்டு டோஸுக்குப் பிறகும் 0.8ஐத் தொடவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஊசியின் பலன் குறைவாகவே கிடைக்கும் என்பதால், அவரிடம் அந்த நம்பர் ஒரு எச்சரிக்கை. டாக்டரம்மாவே உட்காரவைத்துப் பேசினார். ஜனவரி 10 முதல் இணைநோய் உள்ள மூத்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் என்ற மூன்றாவது ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். அவர் போட்டுக்கொண்டார். விடுபட்டிருந்த மகனையும் மருமகளையும் அழைத்துப்போய்ப் போடவைத்தார்.

அடுத்த மாதம் திரும்பப் பார்த்தோம். 60க்கு மேல் வந்திருந்தது. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போதுமா தம்பி?" என்றார்.

"நல்ல சேதி ஐயா. ஆனா மாஸ்க்கை விட்டுடாதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார்.