கரை ஒதுங்க இடம் இருக்கா?

"கடலுக்கா? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டா?" அவ்வளவுதான் கேட்டாள் அம்மா. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பொங்கலுக்குப் பொறையாறு வந்திருந்தோம். கூடத்தில் டென்மார்க் கடல் வரைபடத்தை விரித்து வைத்து, வரும் ஜூலையில் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போகப் போகிறோம் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. டென்மார்க்கில் ஜூலையில்தான் ஊரே விடுப்பில் போகும். குடும்பத்துக்குத் தோதான படகுகளைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுவார்கள். அதனால்தான் தை மாதத்தில் இந்தத் திட்டம். அம்மா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை தூரம் பறந்து வந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது சுருக்கென்று இருந்தது.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்தில். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு டென்மார்க் அந்நியமான பெயர் இல்லை. 1620இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். 1845இல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று கேட்கும் வயதான டேனிஷ்காரர்களிடம் 'ட்ராங்கெபார்' பக்கம் என்று சொன்னால் போதும், சிலருக்கு முகம் மலர்ந்துவிடும்.

ஓடென்ஸே எங்களுக்குப் பழகிவிட்டது. நவம்பர் இருட்டும் சரி, ஈரக் காற்றில் பிள்ளைகளை வைத்து சைக்கிள் மிதிப்பதும் சரி, இப்போது உறுத்துவதில்லை. நீந்தக் கற்றதே அங்கேதான். பிறகு படகுச் சங்கத்தில் சேர்ந்து பாய் ஏற்றி இறக்கப் பழகினோம். ஒரு குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய், வரைபடம் படிக்கவும் மிதவைகளின் நிறம் பார்த்து வழி பிடிக்கவும் நானும் கணவரும் கற்றுக்கொண்டோம். இனி இதுதான் நம் ஊர், நம் கடல் என்று சொல்லிக்கொள்வேன். பாயில் காற்று ஏறிப் படகு ஒரு பக்கம் சாயும்போது மட்டும் மனசு தரங்கம்பாடிக்கு ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா எங்களைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போவார். கடல் அரித்து முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில், பொட்டலம் சுண்டல், உப்புக் காற்று. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விட மாட்டார். ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில், காவிரி கடலில் சேரும் இடத்தில் ஒரு முழுக்கு. எங்களுக்கும் கடலுக்குமான உறவு அதோடு சரி. வாய்க்கால், குளம், மதகு, இதெல்லாம் எங்கள் தெருவுக்கு அத்துப்படி. கடல் மீனவர்களுடையது என்று ஒதுங்கிவிட்டோம். அவ்வளவு பெரிய கடலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தினமும் அதில் போய்வருகிறவர்களிடம் மீன் விலையைத் தவிர வேறெதுவும் கேட்காமலே வளர்ந்தோம். எந்தக் காற்றில் போவீர்கள், எதைப் பார்த்துத் திரும்புவீர்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் கேட்டதில்லை. வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். காற்று பார்க்கும் பாடத்தை வயல் பார்த்த ஊரில் விட்டுவிட்டு, காசு கட்டி டேனிஷ் மொழியில் படித்தேன். அந்த ஆதங்கம் எனக்கு ஆறவே இல்லை.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கரையிலிருந்து ஓடி வந்தவர்கள் எங்கள் தெருவிலும் ஒதுங்கினார்கள். அம்மா அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் கடற்கரைக்குப் போனதே இல்லை. அங்கே தீவுகளுக்கு நடுவில் பெரிய அலை வராது, ஓதம் ஏறி இறங்குவதும் சொற்பம்தான் என்று எவ்வளவோ சொன்னேன். "கடல் கடல்தான்" என்றாள்.

அப்பாதான் வழி கண்டார். தன்னோடு படித்த தரங்கம்பாடி நண்பரை வரச் சொன்னார். எனக்குப் பெரியப்பா முறை. கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகு வரை ஓட்டி, இப்போது மகனிடம் விட்டிருக்கிறார். வஞ்சிரம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரைபடத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எழுத்து டேனிஷ் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆழ எண்களின் மேல் விரல் ஓடியது.

"கோடையில எந்தக் காத்து?"

மேற்கும் தென்மேற்கும்தான் அதிகம் என்றேன்.

"நீவாடு?"

நீரோட்டத்தைக் கேட்கிறார். ஸ்வென்போர்க் நீரிணையில் வேகமாக ஓடும், திசையும் மாறும் என்றேன். தலையாட்டினார். நான் பென்சிலில் போட்டிருந்த கோடு லாங்கலண்ட் தீவை முழுக்கச் சுற்றி வந்தது. அதன் கிழக்குப் பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் கரை ஒதுங்க இடம் இருக்கா?"

குறைவுதான். அந்தப் பக்கம் பெரிய கப்பல்கள் போகும் நீரிணை. அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. விரல் மேற்கே நகர்ந்து, ஃபின் தீவுக்குத் தெற்கே கொத்தாகக் கிடக்கும் சின்னத் தீவுகளுக்கு வந்தது. ஸ்காரோ, ட்ரையோ, அதற்குக் கீழே ஏரோ. "இங்க எந்தப் பக்கம் அடிச்சாலும் ஒண்ணுக்குப் பின்னால ஒதுங்கிக்கலாம். பச்சப் புள்ளைங்களோட போறப்ப எங்க போறோம்கிறது முக்கியமில்ல, எங்க ஒதுங்குவோம்கிறதுதான்."

அன்று ராத்திரியே திட்டத்தைத் திருத்தினோம். ஸ்வென்போர்க்கில் ஏறி, ஸ்காரோ, ட்ரையோ வழியாக ஏரோஸ்கோபிங். ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வாக்கில், எந்த ஓட்டமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு துறைமுகம் குறித்தாயிற்று: போக நினைப்பது ஒன்று, காற்று மாறினால் ஒதுங்க இன்னொன்று. ஏரோஸ்கோபிங் தீவின் வடகிழக்குப் பக்கம் இருப்பதால் தென்மேற்குக் காற்று அங்கே உறைக்காது. வானிலை அறிக்கையில் காற்று நொடிக்கு எட்டு மீட்டரைத் தாண்டினால் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

கயிறு அவிழ்க்காத நாளில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று பெரியப்பா கேட்டார். நண்டு பிடிப்பார்கள். நூலில் துணிக் கிளிப்பைக் கட்டி, அதில் சிப்பிச் சதையைச் செருகி, துறைமேடையில் குப்புறப் படுத்துக்கொண்டு இறக்குவார்கள். வாளி நிறைந்ததும் எல்லாவற்றையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். "புடிச்சத மறுபடி கடல்லயே விடுறதா!" பெரியப்பா சிரித்த சிரிப்பில் அம்மாவே எட்டிப் பார்த்தாள். குளிர்காலத்தில் படகுகளை எல்லாம் கரையேற்றி மூடி வைத்துவிடுவார்கள் என்றதும் அவருக்கு இன்னும் ஆச்சரியம். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதையே தள்ள முடியாமல் தவிக்கிறார்கள். பாதி வருஷம் படகு மணலில் நின்றால் வீட்டில் உலை எப்படி வைப்பார்கள் என்று கேட்டார். அங்கே அது பிழைப்பு இல்லை பெரியப்பா, பொழுதுபோக்கு என்று சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கியது.

அம்மா மனம் இளகியது சின்னவனால்தான். புது உயிர்காப்புச் சட்டையைப் பெட்டியில் அடம்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் முறுக்கு தின்பான். அம்மா அவனை நிறுத்தித் திருப்பிப் பார்த்தாள். தலைக்குப் பின்னால் தடித்த காலர். தண்ணீரில் விழுந்தால் முகத்தை மேலே தூக்கிப் பிடிக்க. சட்டை நழுவாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு வார். முதுகில் கைப்பிடி. அம்மா அந்தக் கைப்பிடியைப் பற்றி ஒரே தூக்காகத் தூக்கினாள். பையன் அந்தரத்தில் கால் உதறிச் சிரித்தான். இறக்கிவிட்டாள், மறுபடி தூக்கினாள், வாரை இழுத்துப் பார்த்தாள். "தூங்கறப்பவும் கழட்டாதே" என்று அவனிடம் சொன்னாள்.

அப்புறம் கேள்விகள் வரத் தொடங்கின. படகில் அடுப்பு உண்டா? இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு உண்டு. குக்கர் வைக்கலாமா? துறைமுகத்தில் நிற்கும்போது வைக்கலாம். குமட்டினால்? இஞ்சி மரப்பா. அந்தக் கணமே எனக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் முடிவாகிவிட்டன. ஜூலையில் ராத்திரி பத்து மணி வாக்கில்தான் பொழுது சாயும் என்றதும், "பின்னே பிள்ளைங்க எப்பத் தூங்கும்?" என்று திரும்பவும் கோபம் வந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் அப்பா கேட்டார்: ஏரோஸ்கோபிங்குக்குப் படகில்லாதவர்கள் எப்படிப் போவார்கள்? ஸ்வென்போர்க்கிலிருந்து கப்பல் போகிறது, கார்கூட ஏற்றுவார்கள், ஒன்றேகால் மணி நேரம். அம்மா கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார் ஏத்துற கப்பல்னா பெருசாத்தானே இருக்கும்?"

பெரிசுதான் அம்மா.

"அப்ப நாங்க அதுல வந்து துறையில நிக்கிறோம். நீங்க பிள்ளைங்களக் கொண்டுவந்து காட்டுங்க."

இரண்டு பேருக்கும் விசாவுக்கு மார்ச்சில் எழுதிப்போட வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அப்பா நாளைக்கே போகிறார்.