கரும்பலகை நிறத்தில் ஒரு சுவர்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதை எங்கள் தெருவில் இன்னும் யாரும் விடவில்லை. இந்த முறை ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் சார்க்கோல், அதாவது அடர்ந்த கரி நிறம் அடிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா சுவத்துல கரிய அப்பப் போறியா?" பாளையங்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து எல்லாச் சுவரும் சந்தன நிறம்தான். அவள் கோபம் எனக்குப் புரிந்தது.

அப்பா கேட்டது வேறு. "பளபளன்னு இருக்குமா, மங்கலா இருக்குமா?"

அவர் 34 வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய காலத்தவர். பலகை வழவழப்பாகிவிட்டால் சன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும், ஓரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி கரி பூசுவார்களாம். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்தது. துடைக்க வசதி என்று பெயிண்டர் அண்ணன் ஷீன், அதாவது பளபளக்கும் வகையைச் சொன்னார். நான் மங்கலாக இருக்கும் மேட் எடுத்தேன். அடர் நிறத்தில் பளபளப்பும் சேர்ந்தால் சுவரின் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வந்துவிடும்.

மேட் என்றாலும் பட்டி, அதாவது சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு, ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். அப்படி நானும் அப்பாவும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்த இடங்களை அண்ணன் மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

ஷேடு கார்டை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். மூன்று ஷேடில் சாம்பிள் வாங்கி, பெரிய சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நாலு நாள் சுவரில் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தேன். கடையில் மூன்றும் ஒன்று போலத்தான் இருந்தன. வீட்டு டியூப் லைட்டில் ஒன்று நீலமாக மாறியது, இன்னொன்று லேசாகப் பச்சையடித்தது. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் பழுப்பு ஓடியது. மஞ்சள் வெளிச்சத்தில் அது அடுப்புக்கரியேதான். அதை எடுத்தேன். ஹாலில் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்புகளும் போட்டேன்.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். சன்னல் இருக்கும் சுவருக்கே கரி நிறம் அடித்தால் பகலில் சன்னல் மட்டும் வெள்ளையாக எரியும், கண் கூசும். நாங்கள் அடித்தது சன்னலுக்கு எதிர்ச்சுவர். வெளிச்சம் நேராக அதன் மேல் வந்து விழுகிறது. சின்ன ஹாலில் நாலு சுவருக்கும் இந்த நிறம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெள்ளைச் சுவர் திருப்பித் தரும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இது தராது.

சுவர் 14 அடிக்கு 10 அடி. மூன்று கோட்டுக்கு நாலு லிட்டர் டப்பா ஒன்று போதுமாக இருந்தது. பழைய சந்தன நிறம் இரண்டாவது கோட்டிலும் அங்கங்கே திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. கீழ்ச் சுவரை மூடும் வேலையைச் செய்வது பெரும்பாலும் வெள்ளை நிறமி. அடர் ஷேடு கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்டில் (பேஸ்) அது குறைவு. அதனால் பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமரையே சாம்பல் நிறத்தில் கலந்து அடித்திருந்தால் ஒரு கோட் மிச்சமாகியிருக்கும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஒரு குறை உண்டு. அப்பா தரையில் உட்கார்ந்து சாயும் இடத்தில் தலை எண்ணெய் பட்டு ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் இன்னும் பளபளக்கிறது. இப்போது அங்கே தாழ்வான மரப் பலகை ஒன்று அடித்திருக்கிறோம்.

பொங்கலன்று காலையில் அம்மா பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, வழக்கமான மூலையை விட்டுவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தன நிறச் சுவரில் கரைந்துபோய் இருந்த விளக்கின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதி அரை லிட்டர் இருக்கிறது. பின்னால் வேறு டப்பா வாங்கி ஒட்டுப் போட்டால் நிறம் சேராது என்பதால் பத்திரமாக மூடி பரணில் வைத்திருக்கிறோம். மூடியின் மேல் ஷேடு எண்ணையும் தேதியையும் அப்பா சாக்பீஸால் எழுதியிருக்கிறார்.