ஆறு பேர் காபியை ஒருத்தனே குடித்த கதை

போன தை மாசம் மயாமி பீச்சில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் வீட்டில் க்ரீன் டீ மட்டும்தான். ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, மூணாம் நாள் அவன் ஆபீஸ் கிளம்பியதும் நானும் வீட்டுக்காரியும் சவுத் பீச் பக்கம் நடையைக் கட்டினோம். அவளுக்குக் கடல், எனக்குக் காபி.

தெருவோரம் ஒரு கியூபாக்காரர் கடை. உள்ளே போக வேண்டியதில்லை, சுவரில் ஒரு ஜன்னல், அதிலேயே காபி கொடுக்கிறார்கள். வென்டனீட்டா என்பார்கள், குட்டி ஜன்னல் என்று அர்த்தம். வெளியே நாலு பெரியவர்கள் நின்றுகொண்டு ஸ்பானிஷில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாஷை புரியாவிட்டாலும் அரசியல்தான் என்று புரிந்தது, அசப்பில் நம்மூர் டீக்கடை. போர்டில் இருந்ததில் பேர் நன்றாக இருக்கிறதே என்று கொலாடா கேட்டேன். ஒரு கப் நிறையக் கறுப்புக் காபி, மேலே சர்க்கரையை அடித்து எடுத்த பழுப்பு நுரை, கூடவே இருமல் மருந்து மூடி சைஸில் ஆறு பிளாஸ்டிக் கப். எதற்கு இத்தனை மூடி என்று முழித்தேன். "எதுக்காவது ஆகும்" என்று வீட்டுக்காரி எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள். நான் கப்பை ஒரு சொட்டு விடாமல் காலி பண்ணினேன். ஆஹா, கும்பகோணம் டிகிரி காபிக்குத் தூரத்துச் சொந்தம்!

அப்புறம்தான் ஆட்டம் ஆரம்பித்தது. வாஷிங்டன் அவென்யூவில் இருக்கும் புளோரிடா யூத மியூசியத்துக்குள் நுழையும்போது காதுக்குள் உறுமி மேளம். கை தானாக ஆடுகிறது. ஒரு போட்டோகூட ஆடாமல் எடுக்க முடியவில்லை.

மியூசியம் என்பது ஒட்டி ஒட்டி இருக்கும் ரெண்டு பழைய ஜெப ஆலயங்கள்தான். ஒன்று 1929-இல் கட்டியது, இன்னொன்று 1936. இரண்டாவதில் செப்புக் குவிமாடமும் சுற்றிலும் எண்பதுக்குக் கிட்டத்தட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் இருக்கின்றன. வெயில் உள்ளே விழுந்து தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக ஓட, என் நிலைமைக்கு அந்தத் தரையே நகர்வது போல இருந்தது. அதில் ஒரு ஜன்னல் மேயர் லான்ஸ்கியின் உபயம். அமெரிக்காவையே ஆட்டிவைத்த மாஃபியா புள்ளி! நம்ம கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பேர் எழுதுபவர்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் இஸ்ரேல் போய்க் குடியுரிமை கேட்டிருக்கிறார், முடியாது என்று 1972-இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காலத்தில் ஐந்தாம் தெருவுக்கு வடக்கே யூதர்கள் வீடு வாங்க முடியாதாம், அதனால்தான் ஆலயங்கள் இந்தத் தெற்கு மூலையில். 'எப்போதும் கடல் தெரியும், யூதர் ஒருவரும் தெரியார்' என்று ஹோட்டல்காரர்கள் விளம்பரமே கொடுத்திருக்கிறார்கள். "சைவம் மட்டும்" என்ற போர்டைப் பார்த்துப் பார்த்து மாம்பலத்தில் வாடகை வீட்டுக்கு அலைந்தவன் நான், அந்த வரியைச் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை.

அங்கே வழிகாட்டியாக இருந்த பாட்டி சின்ன வயசில் ஹவானாவிலிருந்து வந்தவர், கியூபா யூதர். என் கையைப் பார்த்துவிட்டு "உடம்பு சரியில்லையா?" என்றார். கொலாடா என்றேன்.

"எத்தனை பேர் குடித்தீர்கள்?"

"நான் மட்டும்தான்."

"குட்டிக் கப் கொடுக்கவில்லையா?"

வீட்டுக்காரி பெருமையாக ஹேண்ட்பேக்கைத் திறந்து ஆறையும் எடுத்துக் காட்டினாள். பாட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆளுக்கு ஒரு வாய், ஆபீஸ் முழுக்கப் பங்கு போட்டுக் குடிப்பதாம் அது.

திரும்பும் வழியில் ஜோஸ் ஸ்டோன் கிராப். 1913-இல் ஜோ வெய்ஸ் என்ற யூதர் தொடங்கிய சாப்பாட்டுக் கடை. யூத ஆசாரப்படி நண்டே கூடாது, அவர் பேர் வாங்கியதோ நண்டில்! கொடுக்கை மட்டும் ஒடித்துக்கொண்டு நண்டைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், மறுபடி முளைக்குமாம். தூத்துக்குடிக்காரியான என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவே இல்லை. "சாறு வைக்க உடம்பு வேணாமா?" என்றாள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ராத்திரி மூணு மணிக்குக் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு மியூசியத்தில் கொடுத்த காகிதத்தை நாலாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். தண்ணி குடிக்க எழுந்து வந்த மச்சினன் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தான். காலையில் அவனே போய்க் கொலாடா வாங்கி வந்து, அக்காவிடமிருந்து அந்த ஆறு கப்பையும் வாங்கி மேஜையில் வரிசையாக வைத்து ஊற்றினான்.

"மாமா, உங்களுக்கு க்ரீன் டீ போட்டிருக்கேன்."