கிரிமெட்டனில் இன்னும் சுழலும் சக்கரம்

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையிலுள்ள வார்பெர்க் நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சற்றுத் தொலைவு சென்றால், வயல்களுக்கு நடுவே 127 மீட்டர் உயரமுள்ள ஆறு எஃகுக் கோபுரங்கள் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். அவற்றின் உச்சியிலுள்ள குறுக்குத் தண்டுகள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆண்டெனாக் கம்பிகளைத் தாங்குகின்றன. நியூயார்க்குக்குத் தந்தி அனுப்புவதற்காக 1924-இல் இயங்கத் தொடங்கிய கிரிமெட்டன் நிலையம் இதுதான்.

பாட்டும் பேச்சும் ஒலிபரப்பாத தந்தி நிலையத்தில் வானொலியின் தொடக்கத்தைத் தேடலாமா என்று கேட்பவர்கள் இயந்திரக் கூடத்துக்குள் நுழைய வேண்டும். மார்க்கோனி காலத்துத் தீப்பொறிக் கருவிகள் எழுப்பிய அலை, எழுந்த வேகத்திலேயே தேய்ந்து மடியும். தந்தியின் மோர்ஸ் குறியீட்டிலுள்ள புள்ளிக்கும் கோட்டுக்கும் அது போதும், குரலைச் சுமக்கவோ அறுபடாத அலை வேண்டும். 1900-இல் தீப்பொறியைக் கொண்டே ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தூரத்துக்குத் தம் குரலை அனுப்பி, அதன் இரைச்சலையும் கேட்டறிந்த கண்டுபிடிப்பாளர் ரெஜினால்ட் ஃபெசன்டன், அறுபடாத அலையைத் தரும் மிகை அதிர்வெண் மின்னாக்கி ஒன்றைச் செய்து தருமாறு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை நாடினார். அந்தப் பணி, ஸ்வீடனில் பிறந்த எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. 1906 டிசம்பரில் மாசசூசெட்ஸின் பிராண்ட் ராக்கில் அத்தகைய இயந்திரத்தைக் கொண்டு ஃபெசன்டன் பேச்சை அனுப்பிக் காட்டினார். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அவர் வயலின் வாசித்து ஒலிபரப்பியதாகச் சொல்லப்படும் கதைக்கு, அவரே 1932-இல் எழுதிய கடிதம்தான் முதன்மை ஆதாரம் என்பதால், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

கிரிமெட்டனில் இருப்பது அந்த இயந்திரத்தின் 200 கிலோவாட் வாரிசு. சுமார் 1.6 மீட்டர் விட்டமுள்ள எஃகுத் தட்டு. அதில் கம்பிச்சுருள் எதுவும் கிடையாது. விளிம்பை ஒட்டி 488 பள்ளங்களை வெட்டி, காந்தத்துக்கு வசப்படாத பித்தளையால் நிரப்பியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 2,115 சுற்று என்றால் நொடிக்கு 35.25, ஒரு பள்ளத்துக்கு ஓர் அலை என்று அதை 488-ஆல் பெருக்கினால் 17,202. நிலையத்தின் அதிர்வெண்ணான 17.2 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பெருக்கலில் கிடைப்பதே. வேகம் சிறிது பிசகினாலும் அலைவரிசை நகர்ந்துவிடும் என்பதால், பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதை விடவும் அதை ஒரே வேகத்தில் நிறுத்தி வைப்பதே இங்கு கடினமான வேலை. ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிறன்று அதை இன்றும் இயக்குகிறார்கள். நான் போனது அந்த நாளில்தான். முனகலாகத் தொடங்கிய ஓசை மெல்ல ஏறிக் கூடத்தை நிறைத்த பிறகு, மோர்ஸ் சாவி எஸ்ஏகியூ என்ற அழைப்புக் குறியைத் தட்டியது.

1919-இல் பிரிட்டனின் மார்க்கோனி நிறுவனம் இந்த மின்னாக்கிகளை வாங்க முயன்றபோது, அந்நியர் கைக்கு அவை போகக் கூடாதென்று அமெரிக்கக் கடற்படை தடுத்தது. அதன் விளைவாகவே ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் உருவானது. அந்த ஆர்சிஏ 1926-இல் என்பிசி ஒலிபரப்பு வலைப்பின்னலைத் தொடங்கியது. ஆனால் 1920-இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டிலிருந்து பாடகி நெல்லி மெல்பாவின் பாடலையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கிலிருந்து தேர்தல் முடிவுகளையும் அனுப்பியவை வெற்றிடக் குழாய்க் கருவிகள். ஆகவே 1925-இல் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் கிரிமெட்டனை முறைப்படி திறந்துவைத்தபோதே அதன் நுட்பம் பழையதாகிவிட்டிருந்தது. இவ்வகை இயந்திரங்களில் இன்றும் இயங்குவது இது ஒன்றுதான். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப அது உதவியதாலேயே, மற்றவை பழைய இரும்பாகப் போன பின்னும் இதைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள்.