வத்தலக்குண்டு எழுத்தாளர்கள் இணையத்தில்: எட்டு அத்தியாயம் வரை வந்த கதை

உசிலம்பட்டிக்கு அருகே நான் படித்த பள்ளியில் எங்கள் தமிழையா, பாடம் தொடங்குமுன் கரும்பலகையின் ஓரத்தில் எழுத்தாளரின் பெயரையும், அவருடைய ஊரையும், அந்த ஊருக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்பதையும் எழுதிவைப்பார். ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகிய மூவரும் வத்தலக்குண்டுக்காரர்கள் என்று அவர் எழுதிய நாளில் நான் திகைத்துப்போனேன். எனக்கு அது அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக நடத்திய ராமையாவும், 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய செல்லப்பாவும் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் என்பதை அதற்குமுன் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கரும்பலகை ஓரத்தை இணையத்தில் எழுதிப்பார்க்கும் முயற்சிதான் இது. முதலில் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை எடுத்துக்கொண்டேன். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது அது. எழுதியவர் 1898-இல், இருபத்தாறு வயதில், மறைந்துவிட்டார். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரையே பதிப்புரிமை என்பதால் இதை வெளியிடத் தடை இல்லை. மற்ற இருவருக்கும் இப்போதைக்கு வாழ்க்கைக் குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்.

கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, கிடைத்ததைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறேன். என்னிடம் உள்ளது 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. அதில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரம் யானைத் தும்பிக்கைபோல வளைந்திருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. அதைவிடத் தொல்லை தருவது ‘ர’ எழுத்தும், பார்க்க அதைப்போலவே இருக்கும் துணைக்காலும் (ா). ‘மதுரை’ என்பது ‘மதுாை’ என்று விழுந்துவிடுகிறது. வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். ஆனால் ‘மதுரை’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. தமிழில் ஓர் உயிர்க்குறியை அடுத்துத் துணைக்கால் தனியே வராது என்பதால், அப்படி வரும் இடங்களை மட்டும் தேடிப்பிடித்து முதலில் திருத்திவிடுகிறேன். ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிட்டால் அந்த வழியும் உதவாது. வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பக்கத்துக்கு எனக்கு இருபது நிமிடமாவது ஆகிறது.

முதல் மூன்று அத்தியாயங்களில் பெரிய பிழை ஒன்று செய்தேன். இன்றைய வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘முத்துஸ்வாமி’யை எல்லா இடத்திலும் ‘முத்துசாமி’ ஆக்கிவிட்டேன். பெரிய எழுத்தில் அச்செடுத்து ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் முதல் பக்கத்திலேயே பேனாவை நிறுத்தினார். “அவர் எழுதினது அப்படியே இருக்கட்டும், தம்பி. உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் முன்னுரையில் சொல்லு” என்றார். மூன்று அத்தியாயங்களையும் மீண்டும் படத்தோடு ஒப்பிட்டுப் பழையபடி ஆக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் எனக்கு வீணாகத் தோன்றவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அந்த ‘ஸ்’ஸும் ஒரு சாட்சி அல்லவா!

இதுவரை எட்டு அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுத்தாளரின் ஊரையும், மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து அங்கே போகும் வழியையும் ஐயா எழுதியதுபோலவே சேர்த்திருக்கிறேன். நாவலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருவார். அவர் வரும் பக்கங்களை மட்டும் தாமே மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்று ஐயா கேட்டிருக்கிறார். அவற்றை இன்னும் சற்றுப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன்.