ஸ்டென்ட் வைத்த பத்தாவது மாதம்

அன்று இரவு 2 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு வலி இல்லை. கீழ்த்தாடையை மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. 14 வருஷமாகச் சர்க்கரை நோய் உள்ளவன் நான். வியர்த்தாலே சுகர் இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும். இரண்டு ஸ்பூன் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் மீட்டரை எடுத்தேன். 212 காட்டியது. சுகர் இறங்கியவனுக்கு இந்த எண் வராது என்று மகளுக்குத்தான் முதலில் உறைத்தது. “அப்பா, சட்டையைப் போடுங்க, கிளம்பலாம்” என்றாள்.

மாரடைப்புதான். சர்க்கரை நோய் நாள்பட்டால் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் பழுதாகின்றன. அதனால் வலி மங்கலாகவே தெரியலாம், தெரியாமலே போகவும் செய்யலாம். மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைத்த குழாயைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய் அது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் ஒரு சின்ன அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் 2.5 × 38 என்று எழுதியிருந்தது. பர்ஸில் வைத்துக்கொண்டேன், அது என்ன கணக்கு என்று கேட்கவில்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. “அடைப்பை எடுத்துட்டாங்க, இனி 10 வருஷத்துக்குக் கவலையில்லை” என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஏதோ வாங்கிய பொருளுக்கு உத்தரவாதம் கொடுத்த மாதிரி. நானும் நம்பினேன். மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 8.6 சதவீதத்தில் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் ஒரு வேளை, டிகாகிரெலார் காலையும் இரவும். நான்காவது மாதம் ஒரு பல் எடுக்க வேண்டி வந்தது. ரத்தம் நிற்காது, ஐந்து நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் பல் டாக்டர். இதய டாக்டரிடம் போனில் கேட்டேன். “ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. பல்லை அப்படியே எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா தள்ளிப் போடுங்க” என்றார். புது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். பல்லை அப்படியே எடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பத்தாவது மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் 22 படி. பதினெட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டிகாகிரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். ஆரம்பத்தில் எனக்கும் அப்படி இருந்து போயிருந்தது. அதனால் பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு ஆறு வாரம் ஓட்டினேன். மகள் பிடித்து இழுத்துப் போனாள். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: “சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருதா, நடந்தா மட்டும் வருதா?” மாத்திரையால் வரும் மூச்சுத்திணறல் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். என்னுடையது படியில் மட்டும் வந்தது, நின்றால் போனது. மறுநாளே ட்ரெட்மில் டெஸ்ட். ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மறுபடி ஆஞ்சியோ, அதாவது குழாய்க்குள் சாயம் செலுத்தி அடைப்பைப் படம் பிடிப்பது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாக இருந்ததால், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை அன்று நிறுத்தச் சொன்னார்கள். 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத்தான் திரும்பத் தொடங்கினேன். அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் இந்த ஜாக்கிரதை.

திரையில் பார்த்தேன். ஸ்டென்ட் இருந்த இடத்திலேயே, அதன் கடைசி முனையில், சாயம் ஓடும் கறுப்புக் கோடு நூலாக இளைத்திருந்தது. பழைய அடைப்பு திரும்பி வரவில்லை. குழாயின் உள்சுவர் ஸ்டென்டைத் தன் மேல் பட்ட காயமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் தழும்பு போலச் சதையை வளர்த்திருக்கிறது. யாருக்கும் இப்படி வளரலாம், சர்க்கரை நோயாளிக்கு அதிகம் வளரும். அந்த வளர்ச்சியைத் தடுக்கத்தான் ஸ்டென்ட் மேல் மருந்து பூசுகிறார்கள், முழுதாகத் தடுக்க முடிவதில்லை. அப்போதுதான் அட்டையை எடுத்து நீட்டினேன். 2.5 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 38 நீளம். ஒல்லியான குழாய், நீளமான ஸ்டென்ட். திரும்ப அடைக்க வாய்ப்பு அதிகமான ஜோடி இது. எங்களைப் போன்றவர்களுக்குக் குழாய்கள் ஒல்லியாகவும் அடைப்பு நீளமாகவும் இருப்பது சகஜமாம். பத்து மாதம் பர்ஸில் தூங்கிய எண்கள்!

குழாய்க்குள் பலூனை ஊதி விரிப்பதா, அறுவை செய்து அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் பைபாஸா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இதய டாக்டரும் அறுவை டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று மகள் கேட்டாள். அதுவரை என்னை மேஜையிலிருந்து இறக்கச் சொன்னாள். அன்று அவள் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. 2012-இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வைப் பற்றி அறுவை டாக்டர் சொன்னார். பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்தது. ஐந்து வருஷத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் தலைகீழ்: பைபாஸில் 5.2, ஸ்டென்டில் 2.4. அன்றைய ஸ்டென்ட்களைவிட இன்றையவை மெலிதானவை, மேம்பட்டவை என்பதையும் அவரே சொன்னார். எனக்கு ஒரு குழாயில்தான் பெரிய அடைப்பு, இன்னொன்றில் பாதிக்கும் குறைவு. அதனால் இந்த முறை மருந்து தடவிய பலூன், அதே இடம் மூன்றாவது முறை அடைத்தால் பைபாஸ் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பலூனை ஒரு நிமிடம் போல ஊதிப் பிடித்தார்கள். தாடையில் அதே பிடி. இம்முறை அதை உடனே வாய்விட்டுச் சொன்னேன்.

அதன் பிறகு மருந்துச் சீட்டே மாறிவிட்டது. டிகாகிரெலாருக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் க்ளோபிடோக்ரெல் வந்தது. சுகருக்கு எம்பாக்ளிஃப்ளோசின் சேர்ந்தது. இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் அது இதயநோய் மரணத்தைக் குறைப்பதை 2015-லேயே காட்டிவிட்டார்களாம். கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். 96-இல் இருந்தது, இப்போது 51. சராசரி சுகர் 7.1. ஸ்டென்ட் பார்த்துக்கொள்வது அந்த 38 மில்லிமீட்டரை மட்டும். மீதிக் குழாய்கள் என் பொறுப்பில்தான் இருக்கின்றன என்பது இத்தனைக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

பலூன் உள்ளே எதையும் விட்டுவிட்டு வருவதில்லை, அதனால் அதற்கு அட்டை கிடையாது. பழைய அட்டையின் பின்பக்கத்தில் மகள் பலூன் போட்ட தேதியை எழுதி, கீழே “18-ஆம் படி” என்று குறித்து வைத்திருக்கிறாள்.