அகலத்திரை வாங்குவோர் உயரத்தையும் அளக்க வேண்டும்

பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் அந்நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அங்கே ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்தால், இடப்புறம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) தந்த உரையும் வலப்புறம் நூலின் மின்வருடிய (ஸ்கேன் செய்த) பக்கமும் அருகருகே நிற்கும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அகராதிக்கு ஒரு சாளரம், அதே நூலின் வேறு பதிப்பு கிடைத்தால் அதற்கும் ஒரு சாளரம் என்று இடத்தேவை கூடிக்கொண்டே போகும். என்னிடம் இருந்த 22 அங்குல மானிட்டர் அகலத்துக்கும் உயரத்துக்கும் 16:10 என்னும் பழைய விகிதத்தில் அமைந்தது; 1680 பிக்சல் அகலமும் 1050 பிக்சல் உயரமும் கொண்ட அது பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. அகலம் போதாமல்தான் அதை மாற்ற நேர்ந்தது. புதியதைத் தேர்ந்தெடுத்தபோது நான் போட்ட கணக்குகள் எழுத்து வேலை செய்யும் பிறருக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மானிட்டரின் அளவு என்று கடைகளில் சொல்லப்படுவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள நீளம். அந்த ஓர் எண்ணை வைத்து அகலத்தையோ உயரத்தையோ அறிய முடியாது. திரை அகன்றுகொண்டே போனால், அதே அங்குலக் கணக்கில் உயரம் குறைந்துகொண்டே வரும். என் பழைய 22 அங்குலத் திரையின் உயரம் 29.6 செ.மீ. அகலத்திரை எனப்படும் 21:9 விகிதத்தில் வரும் 29 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 68 செ.மீ., உயரமோ 28.6 செ.மீ. மட்டுமே. ஏழு அங்குலம் பெரிய மானிட்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த உயரத்தில் ஒரு செ.மீ. இழந்திருப்பேன். பிக்சல் கணக்கில் பார்த்தாலும் 1050 என்பது 1080 ஆகிறது. முப்பது பிக்சல் என்பது இரண்டு வரிக்குக்கூடக் காணாது. உரையை வாசிப்பவருக்குத் திரையின் உயரம் என்பது ஒரே பார்வையில் எத்தனை வரிகள் கிடைக்கும் என்பதுதான். பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போதுதான் மெய்ப்புப் பார்ப்பவரின் கண் வரியைத் தவறவிடுகிறது.

34 அங்குல அகலத்திரையின் கணக்கு வேறு. அதன் அகலம் 79.7 செ.மீ., உயரம் 33.4 செ.மீ. வழக்கமான 16:9 விகிதத்தில் உள்ள 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ. ஆகவே 34 அங்குல அகலத்திரையை, 27 அங்குலத் திரையோடு பக்கவாட்டில் இருபது செ.மீ. கூட்டியது என்று எண்ணிக்கொள்ளலாம். டெமி அளவில் அச்சான பழைய நூலின் பக்கம், ஏறக்குறைய 21.5 செ.மீ. உயரமுள்ளது, உண்மையான அளவிலேயே முழுமையாக இதில் நிற்கும். உலாவியின் மேற்பட்டைக்கும் கீழே உள்ள பணிப்பட்டைக்கும் இடம் போகவும் மிச்சம் இருக்கும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 34 அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைத் திரைகள் விற்கப்படுகின்றன. ஒன்றில் 2560 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும். மற்றொன்றில் 3440 அகலமும் 1440 உயரமும். முதல் வகை விலை குறைவு என்பதால் கை அங்கேதான் முதலில் போகும். ஆனால் அதில் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும், இரண்டாவதில் 110. ஆங்கில எழுத்துக்கு இந்த வேறுபாடு ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது, தமிழுக்கு அப்படியன்று. விண்டோசில் இயல்பான அமைப்பில் 12 புள்ளி அளவுள்ள எழுத்துக்கு 16 பிக்சல் உயரம் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறுக்குள் ணகரத்தின் சுழிகளும், ழகரத்தின் கீழ் வளைவும், மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியும் அடங்கியாக வேண்டும். புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான்.

82 பிக்சல் திரையில் அந்த எழுத்து ஏறக்குறைய 5 மி.மீ. உயரத்தில் பெரிதாகவே தெரியும், ஆனால் ஓரங்கள் படிக்கட்டுப் படிக்கட்டாக நிற்கும். 110 பிக்சல் திரையில் அதே எழுத்து 3.7 மி.மீ. ஆகச் சிறுத்துவிடும், நாற்பதைக் கடந்த கண்களுக்கு அது சிரமம். அதற்கு வழி, காட்சி அளவை 125 விழுக்காடாக உயர்த்திக்கொள்வது. அப்போது எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கும், உயரம் 4.6 மி.மீ. ஆகும். பார்வைக்கு ஏறக்குறைய அதே பருமன், ஆனால் அதை வரைவதற்குக் கூடுதலான பிக்சல்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே 1080 உயரமுள்ள 34 அங்குலத் திரையை எழுத்து வேலைக்கு வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

தாளில் போட்ட கணக்கைக் கண்ணால் சரிபார்க்கச் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பென் டிரைவில் ஒரு பழைய நூலின் மின்வருடிய பக்கத்தையும் அதன் உரையையும் எடுத்துச் சென்றிருந்தேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல் அது. ஆகவே ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை போன்ற பழைய கொம்போடும், ணா, றா, னா மூன்றும் ஒட்டிய பழைய வடிவிலும் இருந்தன. கடைக்காரர் ஓடவிட்டிருந்த கடற்கரைக் காட்சியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 1080 திரையில் பழைய றா எழுத்தின் வளைவு உள்ளுக்குள் அடைந்துபோய், எழுத்தா மைக்கறையா என்று ஐயம் எழுந்தது. 1440 திரையில், மை இறங்காமல் பாதியே பதிந்த மெய்ப்புள்ளிகூடத் தனியாகத் தெரிந்தது. மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் தங்கள் அன்றாட வேலையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துச் செல்வது நல்லது. கடையில் ஓடும் படங்கள் எந்தத் திரையிலும் அழகாகவே இருக்கும்.

மாற்று வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். 27 அங்குலத்தில் 4கே எனப்படும், பிக்சல் மிக அடர்ந்த திரை வாங்கினால் அங்குலத்துக்கு 163 பிக்சல். எழுத்தின் கூர்மையில் 34 அங்குலம் அதற்கு ஈடாகாது. ஒரே ஆவணத்தை நெடுநேரம் வாசிப்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதன் அகலம் 59.8 செ.மீ. என்பதால் மூன்று சாளரங்களை அருகருகே வைத்தால் ஒவ்வொன்றும் ஒடுங்கிப்போகும். இரண்டு 24 அங்குலத் திரைகளைச் சேர்த்து வைப்பது மலிவான வழிதான். ஆனால் இரு திரைகளின் விளிம்புச் சட்டங்கள் சந்திக்கும் கோடு, நான் நேராகப் பார்க்கும் நடு இடத்திலேயே விழும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுகிற வேலைக்கு அது ஒத்துவராது.

வளைந்த திரையா தட்டைத் திரையா என்பதற்குக் கடைகளில் கொடுக்கப்படும் முக்கியத்துவம் சற்று அதிகம். 80 செ.மீ. அகலமுள்ள தட்டைத் திரையின் முன் 60 செ.மீ. தொலைவில் அமர்ந்தால், நடுப்பகுதியைவிட ஓரங்கள் 12 செ.மீ. கூடுதல் தொலைவில் இருக்கும். 1800ஆர் என்று குறிக்கப்படும் வளைவு, 1800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி. அது ஓரங்களை ஏறக்குறைய நாலரை செ.மீ. முன்னால் கொண்டுவருகிறது. இது நன்மைதான், ஆனால் இதற்காகவே பணத்தைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. பக்க வடிவமைப்பும் வரைபடமும் செய்பவர்களுக்கு நேர்க்கோடு நேராகத் தெரிய வேண்டும். அவர்களுக்குத் தட்டைத் திரையே ஏற்றது.

எல்சிடி திரைகளில் பரவலாகக் கிடைக்கும் ஐபிஎஸ், விஏ என்னும் இரண்டு வகைகளில் விஏ வகைக்குக் கருமை ஆழம் கூடுதல். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் நிறம் வெளிறும். இவ்வளவு அகலமான திரையில் ஓரங்களை எப்போதும் சாய்கோணத்தில்தான் பார்க்கிறோம் என்பதால் ஐபிஎஸ் வகையைத் தேர்ந்தேன். 2022 முதல் இந்த அளவில் ஓஎல்இடி திரைகளும் வந்துள்ளன; திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் அவை மிகச் சிறந்தவை. எனினும் முதலில் வந்தவற்றில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துகள்கள் முக்கோணமாக அமைந்திருப்பதால் எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தோன்றும். நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் பட்டைகளும் சாளர விளிம்புகளும் நாளடைவில் தடம் பதிக்கும் அபாயமும் உண்டு.

கேபிள் விஷயத்தைப் பலர் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். 3440க்கு 1440 என்பது ஏறக்குறைய 49.5 லட்சம் பிக்சல். சாதாரண முழு எச்டி திரையைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல். திரைக்கான கேபிளைச் செருகும் துளைகளில் எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய கணினிகளில் இது நொடிக்கு 50 முறை அல்லது அதற்கும் குறைவான புதுப்பிப்போடு நின்றுவிடுவது உண்டு. சுட்டியை நகர்த்தினாலே அந்தத் தயக்கம் தெரியும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 துளை இருந்தால் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை வரை தடையின்றி வரும். எழுத்து வேலைக்கு அதற்குமேல் தேவையே இல்லை. மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதனாலேயே அதில் படம் வரும் என்று நம்பிவிடக் கூடாது. சில துளைகள் மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே உரியவை. துளையின் அருகே டிஸ்ப்ளே போர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இந்தியாவில் ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட விலை ஒப்பீடுகளை வைத்து 34 அங்குலம் நமக்கு எட்டாது என்று ஒதுக்கியவர்கள் மீண்டும் ஒருமுறை கடையில் கேட்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டியது சாளரங்களைப் பங்கிடுவது. விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையை மூன்றாகப் பிரிக்கும் அமைப்புகள் வரும். நடுவில் அகலமாக விக்கிமூலத்தையும், இருபுறமும் ஒடுக்கமாக அகராதியையும் மாற்றுப் பதிப்பையும் வைத்துக்கொள்கிறேன். இணையவழிப் பயிலரங்குகளில் திரையைப் பகிரும்போது மட்டும் முழுத் திரையைப் பகிரக் கூடாது. மடிக்கணினியிலும் கைபேசியிலும் பார்க்கிறவர்களுக்கு அது மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு ஒடுங்கிய கீற்றாகத் தெரியும். எழுத்தை அவர்களால் வாசிக்கவே முடியாது. பகிரும் பட்டியலில் உலாவிச் சாளரம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும்.